முதலில் கார்டைக் காட்டுங்கோ

நவம்பர் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஜெயகௌரி வேலையால் வந்து கதவைத் திறந்தபோது, வெளியில் இருந்த குளிரும் வீட்டுக்குள் இருந்த குளிரும் ஒன்றாகவே இருந்தன. ரேடியேட்டரில் கைவைத்துப் பார்த்தாள். சில்லென்றிருந்தது. கோட்டைக் கழற்றாமலே குசினிக்குள் போனாள். இரண்டு அலமாரிகளுக்கு நடுவில் சுவரில் தொங்கிய, ரேடியேட்டர்களுக்குச் சுடுதண்ணீர் அனுப்பும் கேஸ் பொய்லரின் சின்னத் திரையில் E10 என்று ஓர் எழுத்தும் இரண்டு இலக்கமும் விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தன.

ஜெயகௌரிக்கு நாற்பத்து நான்கு வயது. ஹீத்ரோவுக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் கம்பெனி ஒன்றில் காலை ஐந்து மணி ஷிப்ட். பன்னிரண்டு பேர் வேலை செய்யும் ஒரு வரிசைக்கு அவள்தான் பொறுப்பு. அங்கே குளிர்பெட்டியின் வெப்பநிலை சொன்ன அளவுக்கு மேலே ஒரு புள்ளி ஏறினாலும் வரிசையை நிறுத்திவிடுவாள். விமானம் காத்து நிற்கிறது என்று மேலாளர் வந்து கத்தினாலும் அசையமாட்டாள். விட்டுக்கொடுக்காதவள் என்ற பெயர் அவளுக்கு உண்டு. ஆனால் அந்தப் பெண், வீட்டுக் கதவைத் தாண்டி உள்ளே வந்தால் வேறு ஆள். அதற்குக் காரணம் வீட்டை வாடகைக்குத் தந்த வீட்டுக்காரர் ஞானேஸ்வரன்.

ஞானேஸ்வரனுக்கு ஹவுன்ஸ்லோவில் ஒரு பலசரக்குக் கடை, ஐந்து வீடுகள், கோயில் நிர்வாக சபையில் ஒரு கதிரை. ஒன்பது வருடத்துக்கு முன் ஜெயகௌரியும் கணவன் சஞ்சயனும் ஆறு வயது மகளோடு வீடு தேடி அலைந்த நேரத்தில், விசா இன்னும் முடிவாகவில்லை என்று எல்லாரும் கையை விரித்தார்கள். ஞானேஸ்வரன் மட்டும்தான் எந்தக் கடிதமும் கேளாமல் வீட்டுத் திறப்பை எடுத்து அவர்கள் கையில் வைத்தவர். சஞ்சயன் இப்போது பஸ் ஓட்டுகிறான், விசாப் பிரச்சினையும் எப்போதோ தீர்ந்துவிட்டது. ஆனாலும் வீட்டில் எது உடைந்தாலும், எது ஒழுகினாலும், அவன் வாயில் வருவது ஒரே வசனம்தான்: "அந்த மனிசன் இல்லையெண்டா நாங்கள் அண்டைக்கு றோட்டில நிண்டிருப்பம், கௌரி."

அவள் ஞானேஸ்வரனுக்குப் போன் எடுத்தாள்.

"தண்ணி குறைஞ்சிருக்கும் தங்கச்சி. துஷாந்தனை அனுப்புறன்," என்றார் அவர்.

துஷாந்தன் அவருடைய ஐந்து வீடுகளுக்கும் குழாய், மின்சாரம், ஓடு, கதவுப் பூட்டு எல்லாம் பார்க்கிறவன். நாற்பதை நெருங்கும் ஆள், வாய்ச்சாலகன். மூன்று நாள் கழித்து வந்தான். பொய்லருக்குக் கீழே வெள்ளி நிறத்தில் பின்னல் போட்ட குழாய் ஒன்று இருந்தது. அதன் இரண்டு முனையிலும் இருந்த சின்னப் பிடிகளைத் திருப்பினான், தண்ணீர் சீறும் சத்தம் கேட்டது, திரும்ப மூடினான். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ரேடியேட்டர்கள் கடகடவென்று சூடேறத் தொடங்கின.

"உதை நானே செய்ய ஏலாதோ தம்பி? மூண்டு நாள் குளிருக்க இருந்தனாங்கள்."

"அக்கா, உது பொம்பிளையள் கை வைக்கிற சாமான் இல்லை. பேசாம எனக்குப் போன் அடியுங்கோ."

அவன் போன பிறகு ஜெயகௌரி கதிரையை இழுத்துப்போட்டு ஏறி, பொய்லருக்குப் பக்கத்து அலமாரியின் மேல்தட்டைத் துழாவினாள். பழைய ஒரு பிளாஸ்டிக் பைக்குள் பொய்லரின் கையேடு இருந்தது. ஒன்பது வருடமாக அது அங்கேயே கிடந்திருக்கிறது.

அடுத்த இரண்டு கிழமையும் வேலையில் தேநீர் இடைவேளைகளில் அவள் படித்தது அந்தக் கையேட்டைத்தான். அப்படி ஒன்றும் மலையைப் பிளக்கும் வித்தை இல்லை. பொய்லர் தனக்கு என்ன குறை என்பதை ஓர் எண்ணால் சொல்கிறது. சில எண்கள் வீட்டில் இருப்பவர் தாமே பார்த்துக்கொள்ளக்கூடியவை. E10 என்றால் தண்ணீர் அழுத்தம் குறைந்துவிட்டது. பொய்லர் ஆறியிருக்கும்போது அழுத்தம் காட்டும் முள் ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் நடுவில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்தப் பின்னல் குழாயைத் திறந்து நிரப்பலாம். ஆனால் கிழமைக்கு ஒரு தடவை நிரப்ப வேண்டி வந்தால் எங்கேயோ ஒழுக்கு இருக்கிறது, ஆளைக் கூப்பிட வேண்டும். வேறு சில எண்கள் நெருப்போடும், கேஸோடும், புகை வெளியே போகும் குழாயோடும் சம்பந்தப்பட்டவை. அவற்றுக்கு நேரே கையேடு ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதியிருந்தது. மூடியைத் திறக்க வேண்டாம், பதிவு பெற்ற கேஸ் எஞ்சினியரை அழையுங்கள். பதிவு பெற்றவர் கையில் ஓர் அடையாள அட்டை இருக்கும் என்றும், அதைக் கேட்டுப் பார்க்க வீட்டில் இருப்பவருக்கு உரிமை உண்டு என்றும் அவள் தொலைபேசியில் தேடி அறிந்துகொண்டாள்.

டிசம்பர் நடுவில் மறுபடி E10 வந்தபோது அவளே நிரப்பினாள். முள் மெல்ல ஏறி ஒன்றேகாலில் நின்றது. துவாயால் கையைத் துடைத்துக்கொண்டு, நாட்காட்டியில் அந்தத் தேதிக்கு ஒரு வட்டம் போட்டாள். துஷாந்தனுக்கும் சொல்லவில்லை, ஞானேஸ்வரனுக்கும் சொல்லவில்லை.

பொங்கல் கழிந்த இரண்டாம் நாள் வந்தது வேறு எண். E03.

பொய்லருக்குள் சுழலும் விசிறி அல்லது புகைக்குழாய் என்று கையேடு சொன்னது. அன்றைக்கு வெளியே நல்ல உறைபனி. புகைக்குழாயில் சேரும் நீரை வெளியே கொண்டுபோகும் பிளாஸ்டிக் குழாய் உறைந்து போனாலும் பொய்லர் நின்றுவிடும் என்று படித்த ஞாபகம் அவளுக்கு. பின்பக்கம் போய் அந்தக் குழாயில் இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். அது உறைந்திருக்கவில்லை. உள்ளே வந்து ரீசெட் பொத்தானை ஒருதரம் அழுத்தினாள். பொய்லர் இயங்கத் தொடங்கியது, பத்து நிமிடம் ஓடியது, நின்றது. இன்னொரு தரம் அழுத்தினாள். ஓரிரு நிமிடத்தில் மறுபடி E03. மூன்றாம் தரம் அழுத்தப் போன விரலை இழுத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"அண்ணை, இது முந்தின பிழை இல்லை. புகை போற வழியில ஏதோ. பதிஞ்ச எஞ்சினியர் ஒராளை அனுப்புங்கோ."

மறுமுனையில் கடை இரைச்சல் கேட்டது. "ரீசெட்டை அமத்திப் பாத்தனீரோ?"

"ரெண்டு தரம்."

"இன்னும் நாலு தரம் அமத்தும். அது சண்டித்தனம் பண்ணும், பிறகு எடுக்கும்."

"இல்லை அண்ணை. அமத்திக்கொண்டே இருக்கக் கூடாதெண்டு புத்தகத்தில கிடக்கு. அது தானா நிக்கிறது எங்களைக் காப்பாத்த."

"புத்தகமோ?" என்று சிரித்தார் ஞானேஸ்வரன். "சரி சரி, துஷாந்தன் வருவான்."

துஷாந்தன் வந்தபோது சஞ்சயனும் வீட்டில் இருந்தான். வந்தவன் நேரே திருப்புளியை எடுத்துப் பொய்லரின் முன்மூடியைக் கழற்றத் தொடங்கினான்.

"தம்பி, உங்களிட்டக் கேஸ் கார்ட் இருக்கோ?" என்று கேட்டாள் ஜெயகௌரி.

அவன் திரும்பிச் சஞ்சயனைப் பார்த்தான். "அண்ணை அனுப்பி வந்திருக்கிறன். அது காணாதோ?"

"விடும் கௌரி," என்றான் சஞ்சயன் தாழ்ந்த குரலில். "அவர் மனம் நோகப்போகுது."

அவள் விட்டாள். வேலையில் ஒரு மேலாளரையும் விடாதவள், சொந்தக் குசினியில் வாயை மூடிக்கொண்டு ஒதுங்கி நின்றாள். ஒரு மணித்தியாலம் உள்ளே எதையோ தட்டியும் முறுக்கியும் இழுத்தும் துஷாந்தன் பொய்லரைப் பற்றவைத்துவிட்டான். போகும்போது, "என்ன அக்கா, நான் செய்தது புத்தகத்தில இருந்ததோ?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

வீடு சூடாக இருந்தது. ஆனால் நாலாம் ஐந்தாம் நாளில் ஜெயகௌரிக்குத் தலையிடி தொடங்கியது. அதிகாலை எழும்புகிறவளுக்குத் தலையிடி புதிதல்ல என்று பனடோல் போட்டுக்கொண்டு போனாள். வேலைக்குப் போய் ஒரு மணித்தியாலத்தில் அது விட்டுவிடும். வீட்டுக்கு வந்தால் திரும்பப் பிடிக்கும். குசினி யன்னல் கண்ணாடியில் தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. பொய்லரின் மேல்விளிம்பில் தேநீர்க் கறை மாதிரி ஒரு மண்ணிறம் படர்ந்திருந்தது.

சனிக்கிழமை மகள் லக்‌ஷிகா கட்டிலைவிட்டு எழும்பவில்லை.

"ஸ்கூல்ல எனக்கு ஓகே அம்மா. வீக்எண்ட் வந்தாத்தான் ஹெட்ஏக்."

தனக்கும் வேலையில் விட்டு வீட்டில்தான் பிடிக்கிறது என்று ஜெயகௌரி நினைத்தாள். மாடிக்கு ஏறினாள். மேல்தளத்தில் கௌசி என்ற இளம்பெண் கணவனோடும் நான்கு மாதக் குழந்தையோடும் இருந்தாள். கணவன் அந்தக் கிழமை வேலையாக ஸ்கொட்லாந்து போயிருந்தான். கௌசியின் படுக்கையறை யன்னல், கீழே இருக்கும் புகைக்குழாய் வாய்க்கு நேர் மேலே. குழந்தை பால் குடிக்க மறுக்கிறது, எந்நேரமும் தூக்கம், தனக்கும் தலை சுற்றுகிறது என்றாள் கௌசி. பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் என்று அம்மா போனில் சொன்னாளாம்.

குசினிச் சுவரில் வெள்ளை நிறத்தில் ஒரு கார்பன் மோனாக்சைட் அலாரம் இருக்கத்தான் செய்தது. அதைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தாள். அது காலாவதியாகி ஐந்து வருடம். பரிசோதிக்கும் பொத்தானை அழுத்தினால் முணுமுணுப்பும் இல்லை. மணமும் நிறமும் இல்லாத நஞ்சைக் கண்டுபிடிக்க வைத்த காவல்காரன் எப்போதோ செத்துப்போயிருந்தான். அவள் பொய்லரை நிறுத்தி, மறுபடி போட வேண்டாம் என்று சஞ்சயனிடம் சொன்னாள். அன்றிரவு நான்கு போர்வைக்குள் எல்லாரும் படுத்தார்கள். காலையில் தலையிடி இல்லை.

ஞாயிறு காலை ஹை ஸ்ட்ரீட்டில் கடை திறந்ததும் போய்ப் புது அலாரம் வாங்கி வந்தாள். அவள் வருவதற்குள் சஞ்சயன், பிள்ளை குளிரில் நடுங்குகிறாள் என்று பொய்லரைப் போட்டுவிட்டிருந்தான். போட்டு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவனோடு வாக்குவாதப்பட்டுக்கொண்டே அலாரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, அது காதைக் கிழிக்கிற மாதிரிக் கத்தத் தொடங்கியது.

சஞ்சயன் ஓடிவந்தான். "புதுசெல்லோ, பிழையான சாமானாக்கும்," என்று சொல்லிக்கொண்டே பற்றரியைக் கழற்ற அதைத் திருப்பினான்.

"தொடாதேங்கோ."

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் வேலையிடத்தில் வரிசையை நிறுத்தும் குரல் அது. சஞ்சயனின் கை அப்படியே நின்றது. அவள் பொய்லரை நிறுத்தி, பின்கதவையும் யன்னல்களையும் அகலத் திறந்து, படிக்கட்டுக்குக் கீழே இருந்த மீட்டரில் கேஸ் பிடியைக் குறுக்கே திருப்பி மூடினாள். "லக்‌ஷிகாவைக் கூட்டிக்கொண்டு வெளியில போங்கோ" என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடிக் கௌசியின் கதவைத் தட்டினாள். திறக்க நேரமாயிற்று. திறந்தபோது கௌசி சுவரைப் பிடித்தபடி நின்றாள். ஜெயகௌரி குழந்தையை அப்படியே அள்ளிக்கொண்டு, மற்றக் கையால் தாயைப் பிடித்து இறக்கிக்கொண்டு வந்தாள்.

நடைபாதையில் செருப்பும் வீட்டுச் சட்டையுமாக நின்றார்கள். குழந்தையை அவளிடமிருந்து சஞ்சயன் வாங்கித் தன் ஜக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டான். அது அழவில்லை. தலை அவன் தோளில் துவண்டு கிடந்தது. ஜெயகௌரி போனை எடுத்தாள்.

"முதல் அண்ணைக்கு ஒரு சொல்லு சொல்லுவமே," என்றான் சஞ்சயன்.

"அண்ணை வந்து எங்கட மூச்சை அளப்பாரோ?"

அவள் முதலில் அம்புலன்ஸைக் கூப்பிட்டாள். பிறகு கேஸ் அவசர சேவையைக் கூப்பிட்டாள். அதற்குக் காசும் இல்லை, வீட்டுக்காரரின் அனுமதியும் தேவையில்லை. அம்புலன்ஸ் வந்து, எல்லாரையும் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, கௌசியையும் குழந்தையையும் ஏற்றியது. சஞ்சயன்தான் குழந்தையைக் கொண்டுபோய் உள்ளே கிடத்தினான். பிராணவாயு முகமூடியை அந்தச் சின்ன முகத்துக்கு மேலே பிடித்தபோது அது முழு முகத்தையும் மூடியது. இறங்கி வந்தவன் மதிலில் இருந்தான். தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டே இருந்தான்.

கேஸ் சேவையின் ஆள் நரைத்த தாடிக்காரர். கையில் அளவுகருவியோடு உள்ளே போய் அரை மணித்தியாலத்தில் வந்தார். புகைக்குழாய் பொய்லரோடு சேரும் இடம் ஒழுங்காகப் பொருந்தாமல் விலகி நிற்கிறது, முன்மூடியின் விளிம்பை அடைக்கும் ரப்பர் கிழிந்திருக்கிறது, யாரோ தெரியாத ஆள் திறந்து மூடியிருக்கிறார் என்றார். இணைப்பைத் துண்டித்து, ஆபத்து, பாவிக்கக்கூடாது என்று அச்சடித்த சிவப்புத் துண்டைப் பொய்லரில் கட்டினார். திருத்துவது தன் வேலையல்ல, பதிவு பெற்ற எஞ்சினியர் வந்து திருத்தும்வரை யாரும் இதைத் தொடக்கூடாது என்று சொல்லி, தாளில் எழுதி ஜெயகௌரியின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் வாகனம் திரும்பி மறைவதற்கும் ஞானேஸ்வரனின் வான் வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது. யாரோ தெருவில் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். துஷாந்தனும் கூட வந்திருந்தான். ஞானேஸ்வரன் கோயிலிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும். நெற்றியில் திருநீறு கலையாமல் இருந்தது.

"தங்கச்சி, ஒரு போன்," என்றார். "எனக்கு ஒரு போன் அடிச்சிருந்தா இந்தக் கூத்து வந்திராது. அம்புலன்ஸ், கேஸ்காரன், தெருவெல்லாம் சனம் நிண்டு பாக்குது."

"பாக்கட்டும் அண்ணை."

அவர் முகம் சுருங்கியது. துஷாந்தன் பக்கம் திரும்பினார். "நீ உள்ள போ. கட்டியிருக்கிறதைக் கழட்டிப்போட்டு ஒழுங்காக் கொழுவி விடு. இந்தக் குளிருக்க பிள்ளையள் எப்பிடி இருக்கிறது?"

துஷாந்தன் கருவிப் பையோடு படியில் கால் வைத்தான். ஜெயகௌரி வாசலில் ஏறி, இரண்டு நிலையிலும் கை ஊன்றி நின்றாள்.

"தம்பி, முதலில கார்டைக் காட்டுங்கோ."

"என்னக்கா இது."

"கேஸ் வேலை செய்யிற ஆக்களுக்கு ஒரு கார்ட் இருக்கு. முன்பக்கம் உங்கட படமும் இலக்கமும். பின்பக்கம் நீங்கள் என்னென்ன வேலை செய்யலாமெண்டு எழுதியிருக்கும். அதைக் காட்டுங்கோ, நான் விலகிறன்."

"நான் பதினைஞ்சு வருசமாச் செய்யிறன்."

"கார்ட், தம்பி."

துஷாந்தன் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். கார்ட் இருந்தால்தானே காட்டுவதற்கு. எதிர்வீட்டு யன்னலில் திரைச்சீலை விலகியது. ஞானேஸ்வரன் முன்னால் வந்தார்.

"இது என்ர வீடு."

"ஓம் அண்ணை, வீடு உங்கடதான். உள்ள இருக்கிற சீவன் எங்கட."

"ஒருத்தரும் வீடு தராத நேரம் தந்தனான். ஒரு கடிதம் கேட்டனானோ? ஒரு கையெழுத்துக் கேட்டனானோ? அதையெல்லாம் மறந்துபோட்டியள்."

இந்த வசனத்துக்குத்தான் அவள் ஒன்பது வருடமாகப் பயந்திருந்தாள். கேட்டால் கூசிப்போவோம், வாய் எழும்பாது என்று நினைத்திருந்தாள். கேட்டபோது ஒன்றும் நடக்கவில்லை. மாடியிலிருந்து இறக்கும்போது கையில் கிடந்த அந்தக் குழந்தையின் பாரமின்மைதான் இன்னும் கையில் இருந்தது.

"மறக்கேல்லை அண்ணை. சாகும் வரைக்கும் மறக்கமாட்டன். நீங்கள் வீடு தந்தனீங்கள், அதுக்கு நன்றி. ஆனா அதுக்குப் பதிலா என்ர பிள்ளையை, கௌசியின்ர பிள்ளையை உங்களுக்கு நாங்கள் எழுதித் தரேல்லை."

"அப்பிடியெண்டா வேற வீடு பாருங்கோ."

ஞானேஸ்வரன் அவளை விட்டுவிட்டு, மதிலில் இருந்த சஞ்சயனைப் பார்த்தார். "சஞ்சயன், நீர் சொல்லும். மனிசிக்கு விளங்கப்படுத்தும்."

சஞ்சயன் எழுந்தான். படியேறி வந்தான். ஜெயகௌரிக்கு அவன் என்ன சொல்லப்போகிறான் என்று உண்மையிலேயே தெரியவில்லை. அவன் அவள் கைக்குக் கீழாகக் குனிந்து வீட்டுக்குள் போனான். குசினிக் கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, வாசலின் குறுக்கே போட்டு, அதில் இருந்தான்.

"அந்தப் பிள்ளையை நான்தான் தூக்கிக்கொண்டு போனனான் அண்ணை," என்றான். "பொய்லரைத் திரும்பப் போட்டுவிட்டதும் நான்தான். கௌரி சொல்லச் சொல்லக் கேக்கேல்லை. இனி அவ சொல்லுறதுதான் என்ர சொல்லும். கார்ட் இல்லாத ஒருத்தரும் உள்ள போக ஏலாது."

ஞானேஸ்வரன் திரும்பி நடந்தார். வானில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினார். துஷாந்தன் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் போனான்.

குழந்தையை ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். நிரந்தரப் பாதிப்பு இருக்காது என்றார்கள் டொக்டர்மார். இன்னும் ஒரு கிழமை போயிருந்தால் என்று ஒருவர் தொடங்கி, முடிக்காமல் விட்டதாகக் கௌசி சொல்லி அழுதாள்.

திங்கட்கிழமை ஜெயகௌரி லீவு போட்டுவிட்டு, வாடகை வீடுகளைக் கண்காணிக்கும் நகரக் கவுன்சிலுக்குப் போன் எடுத்தாள். சிவப்புத் துண்டின் படம், தாடிக்காரர் எழுதிய தாள், காலாவதியான அலாரம், நாட்காட்டியில் போட்ட வட்டம், எல்லாவற்றையும் அனுப்பினாள். வருடத்துக்கு ஒரு தடவை வீட்டுக்காரர் செய்ய வேண்டிய கேஸ் பரிசோதனைப் பத்திரம் இந்த ஒன்பது வருடத்தில் தன் கண்ணில் பட்டதே இல்லை என்றும் எழுதினாள். புதன்கிழமை ஓர் அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போனார். முறைப்பாடு செய்ததற்காக உங்களை வீட்டைவிட்டு எழுப்ப நினைத்தால் அது வீட்டுக்காரருக்கு அவ்வளவு சுலபமாக இருக்காது, எந்தக் கடிதம் வந்தாலும் முதலில் எங்களுக்குக் காட்டுங்கள் என்று சொன்னார்.

அந்த நாட்களில் மின்சார ஹீட்டர் ஒன்றை நடு அறையில் வைத்துக்கொண்டு மூவரும் ஒரே அறையில் இருந்தார்கள். கேத்திலில் தண்ணீர் சுடவைத்துக் குளித்தார்கள். லக்‌ஷிகா முணுமுணுத்தாள், ஆனால் தலையிடி என்று சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை கோயிலில் கலாவதி அவளைப் பிடித்துக்கொண்டாள். அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டும் பெண்களுக்கெல்லாம் தலைவி மாதிரி அவள். எல்லார் முன்னாலும் கேட்டாள்.

"ஒரு தமிழன்ர மானத்தைக் கொண்டுபோய் வெள்ளைக்காரனிட்ட வித்துப்போட்டீரே கௌரி. எங்களுக்குள்ள பேசித் தீத்திருக்கலாமெல்லோ?"

"அந்தப் புகை தமிழனோ வெள்ளையனோ எண்டு பாத்து உள்ள வரேல்லை அக்கா," என்றாள் ஜெயகௌரி. கத்தியை எடுத்துக் கலாவதிக்குப் பக்கத்திலேயே இருந்து கத்தரிக்காய் வெட்டத் தொடங்கினாள். எழும்பிப் போவாள் என்று காத்திருந்தவர்களுக்கு ஏமாற்றம்.

அன்று பின்னேரம் அவள் ஒரு தாளில் தமிழில் எழுதினாள். பொய்லர் காட்டும் எண்ணைப் படம் எடுங்கள், கையேட்டில் பாருங்கள், பொய்லருக்குப் பொய்லர் எண் மாறும் என்று தொடங்கியது. தண்ணீர் அழுத்தம் குறைந்தால் நீங்களே நிரப்பலாம். ரீசெட்டை ஒரு தரம், மிஞ்சினால் இரண்டு தரம், அதற்கு மேல் வேண்டாம். நெருப்பு மஞ்சளாக ஆடினால், கறை படிந்தால், வீட்டில் மட்டும் தலையிடித்தால் பொய்லரை நிறுத்திவிட்டு வெளியே வந்து அவசர இலக்கத்துக்கு அடியுங்கள். கேஸ் மணத்தாலும் அப்படியே, லைட் சுவிட்சைக்கூடத் தொடாதீர்கள். மூடியைத் திறக்க வருகிறவரிடம் கார்ட் கேளுங்கள். கடைசியில் தன் பெயரையும் போன் இலக்கத்தையும் எழுதினாள். பெயர் போடாமல் விடச்சொன்னான் சஞ்சயன். அவள் கேட்கவில்லை.

ஞானேஸ்வரனின் மற்ற நான்கு வீடுகளுக்கும் நடந்தே போனாள். முதல் வீட்டிலும் கடைசி வீட்டிலும் யாரும் இல்லை, கதவிடுக்கால் போட்டாள். இரண்டாம் வீட்டில் ஷாமளா என்ற பெண், தான் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தரம் கதிரையில் ஏறி ரீசெட் அழுத்துவதாகச் சிரித்துக்கொண்டே சொன்னாள். தாளைப் படித்தபின் சிரிப்பு நின்றது. அவள் அப்போதே போய்ப் பொய்லரை நிறுத்தினாள். மூன்றாம் வீட்டில் கிருஷ்ணராசா என்ற முதியவர் வாசலிலேயே மறித்தார்.

"எங்களுக்கு அவரோட ஒரு பிரச்சினையும் இல்லை. நீங்கள் தேடிக்கொண்ட வினை உங்களோட," என்று கதவைச் சாத்திவிட்டார். ஜெயகௌரி தாளை மடித்துக் கடிதப் பொந்துக்குள் தள்ளினாள். அது உள்ளே விழும் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் படியிறங்கினாள்.

இரண்டு நாளில் துஷாந்தன் போன் எடுத்தான். அவள் எதிர்பார்க்கவில்லை.

"அப்பிடி ஆகுமெண்டு எனக்கு உண்மையாத் தெரியாது அக்கா. எனக்கும் ரெண்டு பிள்ளையள்."

"தெரியாததில கை வைக்கிறதுதான் பிழை தம்பி. படிச்சுக் கார்டை எடுங்கோ. எடுத்தா, முதல் கூப்பிடுறது நானாத்தான் இருப்பன்."

அவன் போனை வைத்துவிட்டான்.

கவுன்சிலின் கடிதம் ஞானேஸ்வரனுக்குப் போய் ஒன்பதாம் நாள், ரங்கராஜன் என்ற எஞ்சினியர் வந்தார். வாசலில் நின்றபடியே, யாரும் கேட்காமலே, கார்டை எடுத்து நீட்டினார். ஜெயகௌரி முன்பக்கத்தைப் பார்த்தாள், பின்பக்கத்தையும் பார்த்தாள், இலக்கத்தைத் தொலைபேசியில் அடித்துச் சரிபார்த்தாள். அதன் பிறகே உள்ளே விட்டாள். "எல்லாரும் இப்படிப் பாத்தா என் வேலை பாதி குறையும்மா," என்றார் அவர். பழைய பொய்லர் திருத்தத் தகுதியற்றது என்று எழுதிக் கொடுத்தார். அடுத்த கிழமை புதியது வந்து சுவரில் ஏறியது. மாடியிலும் பரிசோதனை நடந்தது.

பத்திரத்தோடு வந்தவர் ஞானேஸ்வரன். தானே வந்தார், தனியாக. சஞ்சயன் வேலையில் இருந்தான். ஜெயகௌரி கதவைத் திறந்தாள். அவர் உள்ளே வரவில்லை, அவளும் வாருங்கள் என்று சொல்லத் தயங்கினாள். பிறகு, "வாங்கோ அண்ணை, குளிருக்க நிக்காதேங்கோ," என்றாள். அவர் வாசலிலேயே நின்றுகொண்டார்.

"இதில ஒரு கையெழுத்து வையும். கிடைச்சதெண்டு. கவுன்சில் கேக்குது."

அவள் வாங்கி, முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினாள்.

"கையெழுத்துத்தானே. நம்பிக்கை இல்லையோ?"

"இல்லை அண்ணை," என்றாள் அவள், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் கோட்டின் கழுத்தை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். பஸ் ஒன்று தெருமுனையில் திரும்பிப் போனது. அவள் எஞ்சினியரின் பெயர், இலக்கம், அளந்த எண்கள், அலாரம் வேலை செய்கிறது என்ற குறிப்பு எல்லாவற்றையும் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாள்.

"மற்ற நாலு வீட்டுப் பத்திரமும் எடுத்திட்டியளோ?"

"அது உமக்கென்ன?"

"ஷாமளாவுக்கு ஹீட்டிங் இல்லாமல் ரெண்டு கிழமைக்கு மேல ஆகுது. அவவும் கவுன்சிலுக்கு எழுதியிருக்கிறா. நான்தான் படிவம் நிரப்பிக் குடுத்தனான்."

ஞானேஸ்வரன் அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபத்தைவிட, இதுவரை பார்த்திராத ஒருத்தியைப் பார்க்கும் பார்வைதான் அது. அவள் இரண்டாம் பக்கத்தைப் படிக்கத் தொடங்கினாள், ஒவ்வொரு வரியாக, அவசரப்படாமல்.